கேசவன் எடுத்த முடிவு

கேசவன் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். தலையில்தான் முடி இல்லை, மனத்திலாவது முடிவு இருக்கட்டும் என்று எடுத்த முடிவு அது. வருகிற மாசியில் மனைவியின் தம்பி ஷர்வினுக்கு நிபோங் திபாலில் கல்யாணம். அதற்குள் தன் தலையில் முடி முளைத்தாக வேண்டும். அதைவிட முக்கியம், முளைக்க வைக்கும் ரகசியம் மனைவி துளசிக்குத் தெரியவே கூடாது.

பெயரைப் பாருங்கள். கேசவன் என்றால் அழகான கேசம் உடையவன் என்று பொருள் சொல்வார்கள். பெற்றவர்கள் நம்பிக்கையோடுதான் வைத்தார்கள். அவரும் முப்பத்தைந்து வயது வரைக்கும் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றினார். சுருள் சுருளான முடி. உள்ளே போன சீப்பு வழி கேட்டுக்கொண்டுதான் வெளியே வரும். பிறகு நெற்றி மெல்லப் பின்வாங்கியது. உச்சியில் ஒரு வட்டம் விழுந்தது. இப்போது நாற்பத்து மூன்று வயதில் நெற்றியும் வட்டமும் ஒன்றையொன்று சந்திக்கக் கிளம்பியிருந்தன.

பினாங்கு லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக் கடையில் அவர் மூத்த விற்பனையாளர். புடவை வியாபாரத்தில் கேசவன் முடிசூடா மன்னன் என்று முதலாளி நல்ல மனத்தோடுதான் சொல்வார். கேட்கிற பெண்கள்தான் வேறு பக்கம் திரும்பிச் சிரிப்பார்கள். தலைகுனிவு அவருடைய தொழிலிலேயே இருந்தது. புடவையைப் பிரித்துக் காட்டக் குனிய வேண்டும். பின்னால் சுவர் முழுக்கக் கண்ணாடி. அவர் குனியும்போதெல்லாம் அவரே பார்த்திராத அவருடைய உச்சியை ஊர் பார்த்துக்கொண்டிருந்தது.

ஒரு நாள் இரண்டு சகோதரிகள் வந்தார்கள். மாம்பழ நிறப் பட்டுப் புடவையைத் தோளில் போட்டுக் கண்ணாடியைப் பார்த்த இளையவள் கண்ணைச் சுருக்கினாள்.

"அக்கா, மேல இருக்கிற லைட்ட அணைக்கச் சொல்லேன். கண்ணாடியில ரொம்ப அடிக்குது."

"சும்மா இருடி. அது லைட் இல்ல. அண்ணனோட தலை."

புடவை விற்றுப்போயிற்று. கேசவனுக்குத்தான் மனசு விட்டுப்போயிற்று. அன்றைக்கு எடுத்ததுதான் அந்த முடிவு.

துளசியிடம் சொன்னால் என்ன என்று கேட்பீர்கள். சொல்ல முடியாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு விருந்தில், சிம்பாங் அம்பாட்டிலிருந்து வந்திருந்த சகலை கோகிலன், துளசியின் தங்கை புருஷன், தலைக்கு என்னவோ மருந்து தடவுகிறான் என்று பேச்சு வந்தது. "நீங்களும் ஒரு டாக்டரப் பாருங்களேன்" என்று துளசி சாதாரணமாகத்தான் சொன்னாள். கேசவன் எழுந்து நின்று பிரசங்கமே செய்துவிட்டார். "ஆம்பளைக்கு அழகு தலைக்கு உள்ள இருக்கணும். மருந்தடிச்சு வளர்க்கிறதுக்கு இது என்ன செம்பனைத் தோட்டமா?" வீடே சிரித்தது. கோகிலன் சிரிக்கவில்லை. அப்படிப் பேசிய வாய் இப்போது எப்படித் திறக்கும்?

முதலில் வெங்காயச் சாறு. யாரோ கைப்பேசியில் அனுப்பிய வைத்தியம். மூன்று நாள் தடவிக்கொண்டு கடைக்குப் போனார். பக்கத்தில் எங்கேயோ மிளகாய்ச் சம்பால் வதக்குகிறார்கள் என்று நினைத்து, வாங்க வந்தவர்கள் பாதிப் புடவையில் எழுந்து சாப்பிடப் போய்விட்டார்கள். நான்காம் நாள் பக்கத்து மசாலாக் கடை ஹனீபா பாயே நேரில் வந்துவிட்டார்.

"கேசவா, பசியாறியாச்சா?"

"பசி எங்க பாய் எடுக்குது. தலையில பாதி போயிடுச்சு."

"எனக்கு முழுசும் போயிடுச்சு. நான் பசியாறலையா?" ஹனீபா பாய் தலையிலிருந்த சொங்கோக் தொப்பியைக் கழற்றிக் காட்டிவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

"உங்களுக்குச் சொங்கோக் இருக்கு. எனக்கு என்ன இருக்கு?"

"வெங்காயம் இருக்கு. கேசவா, நான் அத விக்கிறவன்லா. சொல்றேன் கேளு, அது கறிக்குத்தான். என் தம்பி ஹைதர் ஒரு தோல் டாக்டரப் பாத்தான். நீயும் போ."

"துளசிக்குத் தெரியக்கூடாது பாய்."

"பொண்டாட்டிக்குத் தெரியாம முடி வளர்க்கப் போறியா? தலை அவங்க வீட்டுலதானே இருக்கு?"

"தெரியாது பாய். அவ கவனிக்க மாட்டா."

ஹனீபா பாய் அவரை இரக்கத்தோடு பார்த்தார். அவருக்குக் கல்யாணமாகி முப்பது வருஷம்.

டாக்டர் அதிரா சின்ன வயசுப் பெண். ஒரு சிறிய கருவியைத் தலையில் வைத்தார். பக்கத்துத் திரையில் ஏதோ காலி நிலம் தெரிந்தது. அங்கங்கே மெலிசாக நாலைந்து புல். அது தன் உச்சி என்று புரிந்ததும் கேசவன் காரணம் தேட ஆரம்பித்தார்.

"ஷாம்பு சரியில்லையா டாக்டர்? தண்ணியா? மோட்டார் ஓட்டுற ஹெல்மெட்டா?"

"மூணும் இல்ல அங்கிள். பரம்பரையா வர்றது. ஆம்பளைங்க உடம்புல இருக்கிற ஹார்மோன் சில பேருக்கு முடி வேரைக் கொஞ்சம் கொஞ்சமாச் சுருக்கிடும். முடி மெலிசாகும், குட்டையாகும், அப்புறம் வராமலே நின்னுடும்."

அங்கிள் என்ற சொல் தனியாகக் குத்தியது. ஆனாலும் ஆம்பளை ஹார்மோன் என்றதும் கேசவன் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"அப்ப எனக்கு அது ஜாஸ்தின்னு சொல்றீங்க."

"ஜாஸ்தி இல்ல. எல்லாருக்கும் இருக்கிற அளவுதான். உங்க வேருக்கு ஒத்துக்கல, அவ்வளவுதான்."

நிமிர்ந்தவர் பழையபடி உட்கார்ந்தார். "இது அம்மா வழிதானே டாக்டர்?"

"அப்பா வழியாவும் வரும். யார் மேலயும் பழி போடாதீங்க."

ஏழு வருஷமாகத் தாய்மாமனைச் சபித்துக்கொண்டிருந்த கேசவன் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

"மாத்திரையும் இருக்கு. சில பேருக்குப் பக்கவிளைவு வரலாம், அதப் பத்தி நிதானமாப் பேசலாம்" என்றார் டாக்டர். "முதல்ல இந்தத் தண்ணி மருந்து. காலையில, சாயங்காலம். காஞ்ச தலையில, தோல்ல படற மாதிரி. போட்டுட்டுக் கையக் கழுவிடுங்க. நல்லாக் காஞ்சப்புறம்தான் படுக்கணும். முதல் சில வாரம் முடி இன்னும் கொட்டும், பயந்துடாதீங்க. பலன் தெரிய நாலஞ்சு மாசமாவது ஆகும். எல்லாருக்கும் ஒரே மாதிரி வராது. வந்தாலும், மருந்த நிறுத்தினாப் பழையபடி ஆயிடும்."

"மொட்டையடிச்சா அடர்த்தியா வருமா டாக்டர்?"

"வராது. கெட்டும் போகாது. வேர் உள்ள இருக்கு, கத்தி வெளியிலதானே போகுது."

மருந்துப் போத்தலை வீட்டில் எங்கே வைப்பது என்பது பெரிய கேள்வி. துளசி கை படாத அலமாரி அந்த வீட்டில் கிடையாது. ஆனால் கேசவனுக்கென்று ஒரே ஓர் இடம் இருந்தது. வரவேற்பறை மூலையில் கண்ணாடி ஜாடியில் அவர் வளர்த்த சண்டை மீன். போத்தலின் மேலிருந்த தாளை உரித்துவிட்டு ஜாடிக்குப் பக்கத்தில் வைத்துவிட்டார். ஒளிக்காமல் ஒளிப்பதுதான் கெட்டிக்காரத்தனம் என்று தன்னையே மெச்சிக்கொண்டார்.

"என்னங்க இது?"

"மீன் மருந்து."

"மீனுக்கு என்ன?"

"செதில் கொட்டுது."

"பாவம்" என்று துளசி மீனைப் பார்த்தாள். பிறகு கேசவனையும் பார்த்தாள்.

காலையில் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு மருந்து. அங்கே நேரம் ஆக ஆக, வயிற்றுக்கு ஆகவில்லையோ என்று துளசி ஓமத்தண்ணி வைத்துக் கொடுத்தாள். சொல்ல முடியாமல் அதையும் குடித்தார். சாயங்காலம் போட வேண்டியதைப் படுக்கப் போகும் நேரத்தில்தான் போட முடிந்தது. ஈரத் தலையோடு உலாத்தினால் கேள்வி வரும். உடனே விளக்கை அணைத்துப் படுத்துவிடுவார். டாக்டர் சொன்னதில் அது ஒன்றுதான் தவறியது. அது ஒன்றே போதுமாகவும் இருந்தது.

டாக்டர் சொன்ன மாதிரியே முதலில் முடி கொட்டியது. முடி வளர்க்கப் போய் இருந்ததும் போயிற்றே என்று கடையில் உட்கார்ந்து கலங்கினார். கொட்டியது திரும்ப முளைப்பதற்குள் தீபாவளி வந்துவிட்டது.

கல்யாணமான நாளிலிருந்து தீபாவளிக் காலையில் அவர் தலைக்கு எண்ணெய் வைப்பது துளசிதான். அப்போதெல்லாம் அந்தச் சுருள் முடிக்குள் விரலை விட்டு, "இதுல காக்கா கூடு கட்டியிருக்கு" என்பாள். அவருக்கு அது பிடிக்கும். வருஷத்தில் அந்த ஒரு நாளுக்காகவே காத்திருப்பார். உச்சியில் வட்டம் விழுந்த பிறகு, "நானே வச்சுக்கிறேன்" என்று சொல்லப் பழகிவிட்டார். அவள் விரல் அந்த இடத்தில் வந்து தயங்கினால் தாங்க முடியாது என்று பயம். இது மூன்றாவது தீபாவளி. துளசி எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"இந்த வருஷமாவது நான் வச்சு விடட்டுமா?"

"வேணாம் துளசி. நானே வச்சுக்கிறேன். கைய எடு."

துளசி கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு உள்ளே போனாள். அவள் முகத்தைக் கேசவன் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

பிறகு அதிசயம் நடந்தது. மார்கழியில் நெற்றி ஓரத்தில் பூனை முடி. பொங்கலுக்குள் அது கறுத்தது. ஹனீபா பாய் ஒரு கண்ணாடியை முன்னால் பிடித்துக் கடைக் கண்ணாடியில் உச்சியைக் காட்டினார். வட்டம் சுருங்கியிருந்தது. பழைய காடு இல்லை, நாற்று நட்ட வயல் அளவுக்கு இருந்தது. கேசவனுக்கு உண்மையாகவே உச்சி குளிர்ந்தது. கோகிலன் முன்னால் எப்படித் தலையைச் சாய்த்து நிற்பது என்று அன்றைக்கே பழக ஆரம்பித்துவிட்டார்.

பொங்கல் முடிந்த வாரம், காப்பி கொடுத்துக்கொண்டே துளசி சொன்னாள்.

"என்னங்க, உங்ககிட்ட ஒண்ணு சொல்ல மறந்துட்டேன். தண்ணீர்மலை முருகனுக்கு ஒரு வேண்டுதல் வச்சிருக்கேன்."

"நல்லது. பால்குடமா?"

"இல்ல. உங்க தலைமுடி."

கேசவன் காப்பியைக் கீழே வைத்தார். "என் தலையிலயா உன் வேண்டுதல்?"

"என் தலைன்னா நானே பாத்துக்க மாட்டேனா? வேண்டுதல் பலிச்சா இந்தத் தைப்பூசத்துலயே மொட்டை போட்டுடுறேன்னு சொல்லியிருக்கேன்."

"என்ன வேண்டுதல்?"

"பலிக்கிறதுக்கு முந்தி வெளியில சொல்லக் கூடாதுங்க."

"இன்னும் பலிக்கலயா?"

துளசி அவர் தலையை ஏற இறங்கப் பார்த்தாள். "இன்னும் இல்ல. ஆனா பலிச்சிடும் போலத்தான் இருக்கு."

கேசவனுக்கு உடனே விளங்கிவிட்டது. கெட்டிக்காரர் அல்லவா? புருஷனுக்கு முடி வளர வேண்டும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறாள். வளர்ந்தால் வளர்ந்ததை முருகனுக்கே கொடுத்துவிடுவாள். இது என்ன கணக்கு? வளராவிட்டால் வழுக்கை, வளர்ந்தால் மொட்டை. தைப்பூசம் முடிந்து மூன்றாவது வாரம் கல்யாணம். இவ்வளவு பாடுபட்டு வளர்த்த முடி மண்டபத்தைப் பார்க்காமலே மலையடிவாரத்தோடு போய்விடும்.

ஹனீபா பாயிடம் ஓடினார்.

"பாய், உங்களுக்குத் தொப்பி ஏதாவது மிச்சம் இருக்கா?"

"இப்பத்தான் முடி வந்துருச்சே. தொப்பி எதுக்கு?"

"வந்தத மறைக்கத்தான்."

ஹனீபா பாய் தராசை அப்படியே வைத்துவிட்டார். "வழுக்கைய மறைக்கத் தொப்பி போட்டவன நான் தினம் கண்ணாடியில பாக்கிறேன். முடிய மறைக்கத் தொப்பி போடுறவன இப்பத்தான் பாக்கிறேன்லா."

அன்றிலிருந்து கேசவன் வீட்டிலும் தொப்பி போட்டார். சோறு சாப்பிடும்போது தொப்பி. டீவி பார்க்கும்போது தொப்பி. கேட்டால், தலையில் குளிர் என்றார். பினாங்கில் குளிர் என்று சொன்ன முதல் ஆள் அவராகத்தான் இருக்கும். முளைத்த முடியைத் தண்ணீர் தொட்டு அழுத்தி வாரி, இல்லாத மாதிரி காட்டப் பார்த்தார். தைப்பூசம் வரைக்கும் தாக்குப்பிடித்துவிட்டால் போதும். அதற்குப் பிறகு எவ்வளவு வளர்ந்தாலும் அடுத்த வருஷப் பேச்சு.

தைப்பூசத்துக்கு முந்தின சனிக்கிழமை துளசி சாமிப் படங்களுக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தாள். கேசவன் குனிந்து செருப்பைத் தேடியதில் தொப்பி கீழே விழுந்தது.

"அடேயப்பா" என்றாள் துளசி. "எவ்வளவு வளர்ந்திருக்கு."

கேசவன் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். இனி ஒரே வழிதான். முடிக்கும் முருகனுக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபித்துவிட்டால் வேண்டுதல் செல்லாது.

"துளசி, இங்க வா. மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடாத. இது முருகன் குடுத்தது இல்ல."

"பின்ன?"

"மருந்து. டாக்டர் குடுத்த மருந்து. ஆறு மாசத்துக்கு மேல போடுறேன். அந்தப் போத்தல் மீனுக்கு இல்ல, எனக்கு."

"அப்படியா?"

"கோகிலனப் பத்தி அன்னிக்கு அவ்வளவு பேசிட்டேன். அப்புறம் எந்த வாயால உன்கிட்டச் சொல்றது? தீபாவளிக்கு எண்ணெய் வேணாம்னு சொன்னேன்ல, அதுவும் இதனாலதான். உன் கை உச்சிக்கு வந்தா நீ என்ன நினைப்பேன்னு வெட்கமா இருந்துச்சு. பழைய முடிய நினைச்சு வருத்தப்படுவியோன்னு பயமா இருந்துச்சு." சொல்ல ஆரம்பித்தது வேண்டுதலைக் கெடுக்கத்தான். சொல்லி முடிக்கும்போது குரல் நிஜமாகவே உடைந்துவிட்டது.

துளசி கையிலிருந்த பூவைக் கீழே வைத்தாள். அவள் கண்ணும் கலங்கியிருந்தது. "எல்லாம் சொல்லி முடிச்சாச்சா?" என்றாள்.

"முடிஞ்சுது."

துளசி திரும்பி முருகன் படத்தைப் பார்த்துக் கைகூப்பினாள். "பலிச்சிருச்சுங்க."

"என்ன பலிச்சிருச்சு? அதான் மருந்துன்னு சொல்றேனே."

"மருந்துன்னு எனக்குத் தெரியும். உங்க மீனு கார்த்திகையிலயே செத்துப்போச்சு. நீங்க கவனிக்கவே இல்ல. அதே நிறத்துல வேற வாங்கி விட்டேன். புது மீனுக்குச் செதிலே கொட்டல, மருந்து மட்டும் தீந்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் என் கன்னத்துல பூனை முடி முளைச்சுது. மருந்துக்கடையில காட்டினேன். வீட்டுல யாராவது தலைக்கு மருந்து போட்டுக் காயாமப் படுக்கிறாங்களா, தலையணை மாறுதான்னு கேட்டாங்க. அன்னிலேருந்து உங்க தலையணையத் தனியா வச்சேன். தலையணை மந்திரம்னு கேள்விப்பட்டிருக்கேன். தலையணை மருந்து இப்பத்தான்."

"தெரிஞ்சுமா முடி வளரணும்னு வேண்டிக்கிட்டே?"

"முடிக்கு யாருங்க வேண்டிக்கிட்டா? அதுக்குத்தான் டாக்டர் இருக்காங்களே. தீபாவளியன்னைக்குத்தான் வேண்டிக்கிட்டேன். இந்த மனுஷன் என்கிட்ட எதையோ மறைச்சு ஒதுங்கி ஒதுங்கிப் போறாரு, அது என்னன்னு அவர் வாயாலயே சொல்ல வை முருகான்னு."

கேசவன் மெதுவாகக் கேட்டார். "அப்ப நான் இன்னிக்கு வாயத் தொறக்காம இருந்திருந்தா?"

"பலிச்சிருக்காது. மொட்டையும் இல்ல."

தைப்பூசத்தன்று தண்ணீர்மலை அடிவாரத்தில் நாவிதர் முன்னால் கேசவன் உட்கார்ந்தார். சுற்றிலும் மேளமும் கற்பூரப் புகையும். தலைகுனியச் சொன்னார்கள், அதுதான் பழக்கமாயிற்றே, குனிந்தார். ஆறு மாசத்து உழைப்பு ஆறு இழுப்பில் மடியில் விழுந்தது. பிறகு துளசி சந்தனத்தைக் குழைத்து எடுத்துவந்து அவர் தலை முழுக்கப் பூசினாள். நெற்றியிலிருந்து உச்சி வரைக்கும் அவள் விரல் போயிற்று. எந்த இடத்திலும் தயங்கவில்லை. கேசவன் கண்ணை மூடிக்கொண்டார். இதற்காகவா மூன்று வருஷம் பயந்தோம் என்று அவருக்கு அழுகையே வந்துவிட்டது. நல்லவேளை, சந்தனம் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்ல முடிந்தது.

கல்யாணத்தில் நடந்ததை அவர் எதிர்பார்க்கவே இல்லை. ஒருவரும் சிரிக்கவில்லை. "பெரிய மாப்பிள்ளைக்கு என்ன பக்தி" என்று மாமியார் முதல் வரிசையில் உட்கார வைத்தார். வழுக்கையைப் பார்த்துச் சிரிக்கிற ஊர் மொட்டையைப் பார்த்துக் கும்பிட்டது. கோகிலன் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, தன் முன் நெற்றியைத் தடவிக்கொண்டே குசுகுசுத்தான்.

"சகலை, மொட்டையடிச்சா அடர்த்தியா வருமா? எனக்கும் முன்னால இன்னும் போய்க்கிட்டேதான் இருக்கு."

"வராது. கடையில கண்டதத் தடவாத. நல்ல டாக்டர் இருக்காங்க, நானே கூட்டிட்டுப் போறேன்." கொஞ்சம் நிறுத்தி, "அன்னிக்கு நான் பேசினது தப்பு சகலை" என்றும் சொன்னார். கோகிலன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான்.

தாலி கட்டியாயிற்று. நாத்தனார் முடிச்சைப் போட்டுவிட்டுத் துளசி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். கேசவனுக்கு மனசு நிறைந்திருந்தது.

"மருந்த மறுபடி ஆரம்பிச்சாச்சு. இனிமே நீயே போட்டு விடு" என்றார். "வேர் உள்ளதான் இருக்குன்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அடுத்த பொங்கலுக்குள்ள நல்லா வந்துடும். ரெண்டு பேரும் ஸ்டூடியோவுல போயி ஒரு போட்டோ எடுத்துக்குவோம்."

"எடுத்துக்குவோங்க. தைப்பூசத்துக்கு முந்தி எடுத்துடணும்."

"ஏன்?"

"மூணு தீபாவளி என்னைய தலையத் தொட விடலல்ல? நான் வேண்டிக்கிட்டதும் மூணு தைப்பூசம்."